ஆளில்லாத தியேட்டரில் பாக்டீரியா டெஸ்ட் எதற்கு? ஆபரேஷன் நடக்கும்போதே காற்றை அளக்க வேண்டும்!

பல ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தியேட்டருக்கென்று தனியாக ஒரு ஃபைல் இருக்கும். மாதாமாதம் எடுத்த கல்ச்சர் ரிப்போர்ட்கள் அதில் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: 'பாக்டீரியா வளர்ச்சி இல்லை'. இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாராவது வந்தால் அந்த ஃபைலை எடுத்துக் காட்டினால் வேலை முடிந்தது.

அந்த சாம்பிளை எப்போது எடுத்தார்கள் என்று கேட்டால்தான் விஷயமே புரியும். ராத்திரி தியேட்டரைக் கழுவி, மருந்துப் புகை போட்டு, கதவைப் பூட்டி வைத்திருப்பார்கள். காலையில் முதல் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பு சாம்பிள் எடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அறையில் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, நோயாளியும் இல்லை.

பரீட்சை ஹாலை ஆளில்லாத நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, 'யாரும் பிட் அடிக்கவில்லை' என்று எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

காற்றில் மிதக்கும் பாக்டீரியா நோயாளியின் உடலுக்குள் போவது, காயம் திறந்திருக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான். அப்போது காற்றில் என்ன இருந்தது என்று அளக்க முடியுமா? முடியும். அதற்கான கருவி வந்து 80 வருடங்களுக்கு மேல் ஆகிறது. பிறகு ஏன் பல இடங்களில் அளப்பதில்லை? அளந்தால் நோயாளிக்கு என்ன லாபம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காற்றில் பாக்டீரியா எங்கிருந்து வருகிறது?

தூசியிலிருந்து, ஏசியிலிருந்து என்றுதான் பலரும் சொல்வார்கள். பராமரிப்பு மோசமாக இருந்தால் அதுவும் நடக்கும். ஆனால் ஒழுங்காக இயங்கும் ஒரு தியேட்டரில் காற்றுக்கு பாக்டீரியாவைக் கொடுப்பது அங்கே நிற்கும் மனிதர்கள்தான்.

நம் தோல் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. நடமாடும் ஒரு மனிதரின் உடலிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 10,000 நுண்ணிய தோல் செதில்கள் உதிர்வதாக நுண்ணுயிரியலில் ஒரு கணக்கு உண்டு. அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு போகும். ஸ்டஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் இப்படித்தான் காற்றில் பயணம் செய்கின்றன. தோலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு தராதவை அவை. மாற்று மூட்டின் மேலோ, செயற்கை இதய வால்வின் மேலோ போய் உட்கார்ந்தால் கதையே வேறு.

"டாக்டர்கள் கவுன், மாஸ்க், கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டுதானே நிற்கிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாஸ்க் வாயிலிருந்து வரும் துளிகளைத் தடுக்கும். கழுத்து, நெற்றி, கால் பக்கம் உதிர்வதை அது என்ன செய்யும்? சாதாரணக் காட்டன் துணியின் நெசவு இடைவெளி அந்தச் செதில்களைவிடப் பெரியது. உள்ளே உதிர்வது வெளியே வந்துவிடும். தியேட்டரில் எட்டுப் பேர் நின்றால் எட்டுப் பேரிடமிருந்தும் வரும்.

இப்படி மிதப்பது காயத்தில் நேராக விழுந்தால்தான் ஆபத்து என்றில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் வைட் குழு 1982-ல் மூட்டு மாற்று ஆபரேஷன்களை வைத்து இதைக் கணக்கிட்டது. சாதாரண காற்றோட்டம் உள்ள தியேட்டரில், காயத்தில் இருந்த பாக்டீரியாவில் 98 சதவீதம் காற்று வழியாக வந்தவை என்பது அந்த ஆய்வின் முடிவு. காற்றிலிருந்து நேரடியாக விழுந்தது அதில் சுமார் 30 சதவீதம்தான். மீதி முதலில் கருவிகள் மேலும் டாக்டர்களின் கைகள் மேலும் படிந்து, அங்கிருந்து காயத்துக்குப் போனவை. ஸ்டெரிலைஸ் செய்து கொண்டுவந்த கத்தியும் கத்திரியும், டிரேயில் திறந்து வைத்த நிமிடத்திலிருந்து அழுக்காகத் தொடங்குகின்றன.

ஒரு டாக்டரின் சந்தேகம்

காற்றைப் பற்றிய இந்தக் கவலை முதலில் பெரிதாக எழுந்தது இங்கிலாந்தில், இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் வந்தபோது. லங்காஷயர் பகுதியில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1960-களின் தொடக்கத்தில் அந்த ஆபரேஷனுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் ஜான் சார்ன்லி. ஆபரேஷன் வெற்றிதான். ஆனால் ஆரம்ப வருடங்களில் நூற்றுக்கு ஏழு பேருக்காவது மூட்டில் இன்ஃபெக்‌ஷன் வந்தது. நடக்க முடியாமல் வந்தவர், புது மூட்டுடன் போய், சீழ் பிடித்துத் திரும்பி வந்தார்.

காற்றுதான் காரணம் என்று சார்ன்லிக்குச் சந்தேகம். ஹோவர்த் என்ற காற்றுப் பொறியாளரோடு சேர்ந்து, தியேட்டருக்குள்ளேயே ஒரு சிறு கண்ணாடிக் கூடம் கட்டினார். வடிகட்டிய காற்று மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே இருக்கும். டாக்டர்களுக்குத் தலையோடு மூடிய உடை. அவர்கள் விடும் மூச்சையும் உடம்பிலிருந்து உதிர்வதையும் குழாய் வழியாக வெளியே இழுத்துவிடும். சுமார் பத்து வருடங்களில் இன்ஃபெக்‌ஷன் 1 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வழக்கமாகக் கொடுக்கும் தடுப்பு ஆன்டிபயாட்டிக் இல்லாமலேயே இந்த இறக்கம் கிடைத்தது என்பதுதான் மற்ற டாக்டர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஆனால் ஒரு ஆஸ்பத்திரியின் அனுபவம் ஆதாரமாகிவிடாது. அதே காலத்தில் சார்ன்லி கவுனையும் கிளவுஸையும்கூட மாற்றியிருந்தார். எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

அதற்கு பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. தலைமை தாங்கியவர் ஓவன் லிட்வெல். 19 மருத்துவமனைகள், 8,000-க்கும் அதிகமான இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷன்கள். முடிவு 1982-ல் வெளியானது. சாதாரண தியேட்டரில் ஆழமான இன்ஃபெக்‌ஷன் 1.5 சதவீதம். அதிசுத்தக் காற்று உள்ள தியேட்டரில் 0.6 சதவீதம்.

அந்த ஆய்வின் இன்னொரு பாதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. லிட்வெல் குழு, ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே காற்றில் எவ்வளவு பாக்டீரியா இருந்தது என்றும் எண்ணியது. எண்ணிக்கை குறைந்த இடங்களில் இன்ஃபெக்‌ஷனும் குறைந்திருந்தது. 'காற்றில் இத்தனை பாக்டீரியா இருந்தால் இவ்வளவு ஆபத்து' என்ற கணக்குக்கு அடிப்படை அங்கேதான் கிடைத்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 10-க்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று இன்று மூட்டு மாற்று தியேட்டர்களுக்குச் சொல்லப்படும் அளவுக்கு வேர் இதுதான்.

எப்படி எண்ணுகிறார்கள்?

பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதை வளரவிட்டு எண்ணுகிறார்கள். வழிகள் மூன்று.

முதல் வழி, தட்டைத் திறந்து வைப்பது. பாக்டீரியா வளர ஏதுவான அகார் கூழ் நிரப்பிய 9 செ.மீ. வட்டத் தட்டை, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 1 மணி நேரம் திறந்து வைக்க வேண்டும். தானாக வந்து விழுவதை இன்குபேட்டரில் வளர்த்து எண்ணுவார்கள். செலவு மிகக் குறைவு. காயத்தில் எவ்வளவு விழும் என்பதை ஓரளவு நேரடியாகவே காட்டும். ஆனால் காற்றில் மொத்தம் எவ்வளவு மிதக்கிறது என்று சொல்லாது.

இரண்டாவது வழி, காற்றை உறிஞ்சுவது. கையடக்கமான ஒரு கருவி நிமிடத்துக்கு 100 லிட்டர் என்ற வேகத்தில் காற்றை இழுத்து அகார் தட்டின் மேல் மோதவிடும். பத்து நிமிடம் ஓடினால் 1,000 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர். பிறகு தட்டு இன்குபேட்டருக்குப் போகும். சுமார் இரண்டு நாளில் புள்ளி புள்ளியாகக் காலனிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு 'சி.எஃப்.யூ.'. இதன் மூத்த வடிவமான பிளவுத் துளைக் கருவியை பிரிட்டனில் 1941-லேயே உருவாக்கிவிட்டார்கள். உருவாக்கிய மூவரில் ஒருவர் அதே லிட்வெல்!

மூன்றாவது, துகள் எண்ணும் கருவி. லேசர் ஒளியில் காற்றைக் கடக்கவிட்டு, அதில் உள்ள துகள்களை நொடிக்கு நொடி எண்ணிக் காட்டும். உடனடி ரிசல்ட். ஆனால் அது எண்ணுவது பாக்டீரியாவையா, துணி நூலையா, தோல் செதிலையா என்று அதற்கே தெரியாது. ரத்தக் கசிவை நிறுத்த டாக்டர் மின் கத்தியை வைத்தால் கிளம்பும் புகையையும் சேர்த்து எண்ணிவிடும். உயிருள்ள துகள்கள் ஒளிரும் தன்மையைப் பயன்படுத்தி அவற்றைப் பிரித்துக் காட்டும் புதுக் கருவிகளும் வந்திருக்கின்றன. விலை அதிகம். அவை காட்டும் எண்ணும், தட்டில் வளரும் காலனிகளின் எண்ணும் ஒன்றல்ல என்பதால் பழைய வரம்புகளை அப்படியே அவற்றுக்குப் பொருத்த முடியாது.

ஆக, உடனே சொல்லும் கருவிக்கு உயிர் எது என்று தெரியாது. உயிரை எண்ணும் தட்டுக்கு இரண்டு நாள் வேண்டும். இந்தச் சிக்கல் நினைவில் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

காலி அறைக்கு 10, ஆபரேஷனுக்கு 180

காலி தியேட்டரும் இயங்கும் தியேட்டரும் எவ்வளவு வேறுபடும்? பிரிட்டனில் பின்பற்றப்படும் வரம்புகளே இதற்குப் பதில் சொல்லும். சாதாரண தியேட்டர் காலியாக இருக்கும்போது ஒரு கன மீட்டருக்கு 10 சி.எஃப்.யூ. தாண்டக் கூடாது. அதே தியேட்டரில் ஆபரேஷன் நடக்கும்போது 180 வரை ஏற்கலாம். அதே சுவர், அதே ஃபில்டர், அதே ஏசி. மனிதர்கள் உள்ளே வந்ததும் வரம்பு 18 மடங்கு ஆகிறது.

காலி அறையில் எடுத்த எண் பொய்யில்லை. ஃபில்டர் ஓட்டையா, காற்று சரியாகச் சுழல்கிறதா என்று அது சொல்லும். புது தியேட்டர் திறக்கும்போதும், பெரிய ரிப்பேர் முடிந்த பிறகும் அந்த டெஸ்ட் அவசியம். ஆனால் அது மெஷினுக்கான மார்க்.

அதிசுத்தக் காற்று என்று சொல்லிக் கட்டப்படும் மூட்டு மாற்று தியேட்டருக்கு வரம்பே வேறு. ஆபரேஷன் நடக்கும்போது, காயத்துக்கு 30 செ.மீ. தூரத்துக்குள் எடுத்த காற்றில் 10 சி.எஃப்.யூ.-வுக்கு மேல் இருக்கக் கூடாது. அறையின் மூலையில் எடுத்தால் கணக்கில் வராது. நோயாளியின் பக்கத்திலேயே எடுக்க வேண்டும்.

கதவு திறந்தால் என்ன ஆகும்?

ஸ்வீடனில் ஒரு குழு இதைத்தான் செய்து பார்த்தது. எலும்பு முறிவுக்கு இம்ப்ளான்ட் பொருத்தும் 30 ஆபரேஷன்களின்போது, காயத்துக்கு அருகே 91 காற்று சாம்பிள்கள் எடுத்தார்கள். கூடவே யார் எத்தனை முறை கதவைத் திறந்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்றும் குறித்தார்கள். முடிவு 2012-ல் வெளியானது. 57 சதவீத சாம்பிள்களில் பாக்டீரியா எண்ணிக்கை 10 என்ற அளவைத் தாண்டியிருந்தது. ஆள் நடமாட்டம் அதிகமான ஆபரேஷன்களில் எண்ணிக்கையும் கூடியிருந்தது.

காரணம் புரிந்துகொள்ள எளிது. தியேட்டருக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்று அதிகமாக வைக்கப்படும். கதவிடுக்கில் காற்று எப்போதும் வெளியேதான் போக வேண்டும், உள்ளே வரக் கூடாது. கதவைத் திறந்தால் அந்த வித்தியாசம் போய்விடும். உள்ளே வருபவர் தன் பங்குக்குச் செதில்களைக் கொண்டுவருவார். நடக்கும்போது காற்று கலங்கும்.

கதவு எதற்காகத் திறக்கிறது? மறந்துபோன கருவியை எடுக்க, ஷிப்ட் மாற, ஃபோன் வந்திருப்பதாகச் சொல்ல, சும்மா எட்டிப் பார்க்க. இதில் பலவும் தவிர்க்கக் கூடியவை. காலியான, கதவு பூட்டிய அறையில் எடுத்த ரிப்போர்ட்டில் இது எதுவுமே தெரியாது. ஆபரேஷன் நடக்கும்போது எடுத்தால் மட்டும்தான் தெரியும்.

மெஷின் ஓடியபோது சிக்கிய பாக்டீரியா

இயங்கும் அறையை அளப்பது ஏன் முக்கியம் என்பதற்கு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்தது நல்ல உதாரணம். இதய ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்கு, மாதங்களும் வருடங்களும் கழிந்த பிறகு காரணம் புரியாத இன்ஃபெக்‌ஷன் வந்தது. மைகோபாக்டீரியம் கிமேரா என்ற பாக்டீரியாதான் அதன் காரணம். காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு. மெதுவாக வளரும்.

திறந்த இதய ஆபரேஷனில் நோயாளியின் ரத்தத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் தண்ணீர்த் தொட்டி உள்ள ஒரு மெஷின் உண்டு. அந்தத் தண்ணீர் ரத்தத்தைத் தொடவே தொடாது. அதனால் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வரவில்லை. சூரிச் குழு தேடியபோது தொட்டித் தண்ணீரில் கிமேரா இருந்தது. மெஷின் ஓடும்போது எடுத்த காற்று சாம்பிள்களிலும் இருந்தது. மெஷினின் ஃபேன், தண்ணீரிலிருந்து கிளம்பும் நுண்துளிகளை தியேட்டர் காற்றில் ஊதிக்கொண்டிருந்தது.

2015-ல் இந்த ஆய்வு வெளியான பிறகு பல நாடுகளில் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டார்கள். மொத்தம் நூற்றுக்கும் மேல். அவர்களில் பலர் உயிரிழந்தார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-ல், திறந்த இதய ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் அவர்களின் டாக்டர்களுக்கும் எச்சரிக்கை விட்டது. மெஷினை தியேட்டருக்கு வெளியே வைப்பது அல்லது அதன் காற்றைத் தனியாக வெளியேற்றுவது என்ற மாற்றம் அதன் பிறகுதான் பரவியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த மெஷினை அணைத்து வைத்துவிட்டு எத்தனை முறை காற்றை டெஸ்ட் செய்திருந்தாலும் அது சுத்தமென்றே வந்திருக்கும். இரண்டு நாளில் தட்டை எண்ணிவிட்டுத் தூக்கிப் போடும் வழக்கமான டெஸ்டிலும் இது சிக்கியிருக்காது. கிமேரா வளரப் பல வாரம் ஆகும்.

அப்படியானால் எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஆபரேஷன் நேரத்தில் காற்றை அளப்பது தேவையில்லை என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் வலு இருக்கிறது.

ஒன்று, ரிசல்ட் வர இரண்டு நாள். அதற்குள் நோயாளி வார்டுக்குப் போயிருப்பார். எண் மோசமாக வந்தாலும் அவருக்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு, நாளுக்கு நாள், ஆபரேஷனுக்கு ஆபரேஷன் எண் மாறும். ஒரு தட்டை வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்று, எந்தக் காரணமும் இல்லாமல் சும்மா சாம்பிள் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2003 வழிகாட்டுதலே சொல்கிறது.

நான்காவது இன்னும் பெரியது. ஆபரேஷன் இன்ஃபெக்‌ஷன்களில் பெரும்பங்கு நோயாளியின் உடலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவால் வருவது. சார்ன்லி ஆரம்பித்து வைத்த அதிசுத்தக் காற்று முறையே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. ஜெர்மனி, நியூசிலாந்து போன்ற நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, 'லேமினார் ஃப்ளோ' உள்ள தியேட்டர்களில் இன்ஃபெக்‌ஷன் குறைந்ததாகத் தெரியவில்லை. மூட்டு மாற்று ஆபரேஷனில் இன்ஃபெக்‌ஷனைக் குறைப்பதற்காக இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது. ஆதாரம் வலுவானதில்லை என்பதால் அது நிபந்தனையுள்ள பரிந்துரைதான் என்றும் சேர்த்தே சொன்னது.

நம்மூர் உதாரணமும் இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரே தியேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட டேபிள்கள் போட்டு கண்புரை ஆபரேஷன் செய்வது உலகறிந்த விஷயம். அரவிந்த் மருத்துவமனைகளின் 6 லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷன்களை வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஓர் ஆன்டிபயாட்டிக்கைச் செலுத்தியதால் கண்ணின் உட்புற இன்ஃபெக்‌ஷன் 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்ததாக அது காட்டியது. காற்றைத் தொடாமலே இவ்வளவு சாதிக்க முடிகிறது.

சரி, அப்படியானால் காற்றை விட்டுவிடலாமா?

இந்த வாதங்களைக் கவனமாகப் படித்தால் அவை சொல்வது வேறு. லேமினார் ஃப்ளோ பற்றிய கேள்வி, கோடிக்கணக்கில் செலவழித்து மெஷின் வாங்கினால் மட்டும் இன்ஃபெக்‌ஷன் குறையுமா என்பது. மேலிருந்து இறங்கும் காற்றை விளக்கும் டாக்டரின் தலையும் மறித்தால், கதவு திறந்துகொண்டே இருந்தால், காகிதத்தில் இருக்கும் சுத்தம் காயத்துக்கு அருகே இருக்காது. மெஷின் வாங்கியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்காமல், காயத்துக்கு அருகே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

ரிசல்ட் தாமதம் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த எண் அன்றைய நோயாளிக்காக எடுப்பதல்ல. அடுத்த மாதம் அதே டேபிளில் படுக்கப் போகிறவருக்காக எடுப்பது. பத்து ஆபரேஷன்களின் எண்களை, கதவு திறந்த எண்ணிக்கையோடும் உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கையோடும் சேர்த்து வைத்துப் பார்த்தால், எங்கே தவறு நடக்கிறது என்று டீமுக்கே புரிந்துவிடும். எல்லா ஆபரேஷனுக்கும் தினமும் எடுக்கவும் வேண்டாம். இம்ப்ளான்ட் வைக்கும் தியேட்டர்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்தாலே போதுமான தகவல் கிடைக்கும்.

இந்தியாவில் என்ன நிலை?

ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் என்.ஏ.பி.ஹெச். அமைப்பு, தியேட்டர் காற்றுக்கு விரிவான விதிகளே வைத்திருக்கிறது. மூட்டு மாற்று, இதயம், மூளை போன்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி தியேட்டர்களில் மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும். அதில் 4 முறை வெளிக்காற்றாக இருக்க வேண்டும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வேண்டும். வெப்பநிலை 21 டிகிரி, மூன்று டிகிரி கூடலாம், குறையலாம். வெளியைவிட உள்ளே குறைந்தது 2.5 பாஸ்கல் அதிக அழுத்தம்.

நல்ல விதிகள்தான். ஆனால் இவை அறையும் மெஷினும் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் விதிகள். அறைக்குள் பத்துப் பேர் நின்று வேலை செய்யும்போது காயத்தின் மேல் என்ன விழுகிறது என்பதை இந்த எண்கள் சொல்லாது. தவிர, என்.ஏ.பி.ஹெச். சான்று வாங்குவது கட்டாயமும் இல்லை.

இன்னொரு பழக்கமும் விட்டபாடில்லை: ஃபார்மலின் புகை. ராத்திரி முழுக்கப் புகை போட்டுக் காலையில் ஸ்வாப் எடுத்து 'வளர்ச்சி இல்லை' என்று எழுதுவது. புகை போட்ட அறையில் காலையில் கிருமி குறைவாகத்தான் இருக்கும். முதல் டீம் உள்ளே வந்து வேலையை ஆரம்பித்ததும் காற்றுக்குப் புதிதாகக் கிருமி வந்து சேரும். ஃபார்மலினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. தியேட்டர் ஊழியர்களின் நுரையீரலைப் பணயம் வைத்து வாங்கும் அந்தச் சுத்தம் முதல் ஆபரேஷன்வரைகூடத் தாங்குவதில்லை.

ஏன் இது அவசரம்?

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் 11 சதவீதம் பேருக்கு இன்ஃபெக்‌ஷன் வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொன்னது. எல்லாமே காற்றால் வருவதில்லை. ஆனால் இம்ப்ளான்ட் விஷயத்தில் காற்று முக்கியம். செயற்கை மூட்டின் மேல் படியும் பாக்டீரியா, தன்னைச் சுற்றிப் பாசிபோல ஒரு படலம் கட்டிக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக் அதற்குள் நுழைய முடியாமல் திணறும். அப்புறம் பல நேரம் மூட்டைக் கழற்றி எடுத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி ஆபரேஷன் செய்து புது மூட்டு வைக்க வேண்டியிருக்கும். அம்மாவின் முழங்காலுக்காக லோன் போட்ட வீட்டில் அது இரண்டாவது லோன்.

முழங்கால் இம்ப்ளான்ட்டின் விலைக்கு 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. பல குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி. பொருளின் விலையைக் கட்டுப்படுத்த முடிந்த அரசுக்கு, அந்தப் பொருளை வைக்கும் நேரத்தில் அறையின் காற்று எப்படி இருந்தது என்று கேட்பது சிரமமான காரியமில்லை.

செய்ய வேண்டியவை இவை. இம்ப்ளான்ட் வைக்கும் தியேட்டர்களில் ஆபரேஷன் நடக்கும்போது, காயத்துக்கு அருகே, குறிப்பிட்ட இடைவெளியில் காற்று சாம்பிள் எடுப்பதைத் தரச் சான்றின் நிபந்தனையாக்க வேண்டும். உறிஞ்சும் கருவி வாங்க வசதி இல்லாத சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு அகார் தட்டு போதும். கதவு எத்தனை முறை திறந்தது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ண ஒரு பேனாவும் பேப்பரும் போதும். அந்த எண்களைத் தண்டிக்கப் பயன்படுத்தக் கூடாது. நர்ஸையும் டெக்னீஷியனையும் திட்டுவதற்கு அது ஆயுதமானால், அடுத்த மாதமே எண் அழகாக வரும், காற்று மாறாது. எண்ணையும் இன்ஃபெக்‌ஷன் விவரத்தையும் ஒரே மேஜையில் வைத்து டாக்டர்கள் பேச வேண்டும்.

நோயாளி என்ன கேட்கலாம்?

உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்றோ இதய ஆபரேஷனோ செய்யப் போகிறீர்களா? 'தியேட்டர் ரிப்போர்ட் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டால் ஃபைலைக் காட்டிவிடுவார்கள். கூடவே மூன்று கேள்விகள் கேளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் இதே ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேருக்கு இன்ஃபெக்‌ஷன் வந்தது? காற்று சாம்பிள் எடுப்பது ஆபரேஷன் நடக்கும்போதா, காலியாக இருக்கும்போதா? ஆபரேஷன் சமயத்தில் தியேட்டருக்குள் யார் யாருக்கு அனுமதி?

பதில் தெரிந்த ஆஸ்பத்திரி சந்தோஷமாகச் சொல்லும். பதில் இல்லாத ஆஸ்பத்திரிக்கு, கேட்க ஆள் இருக்கிறது என்பதாவது தெரியவரும். நோயாளி மயக்கத்தில் இருப்பார். அந்த இரண்டு மணி நேரம் காற்றில் என்ன மிதந்தது என்று அவரால் பார்க்க முடியாது. அவருக்குப் பதிலாக யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஓர் அகார் தட்டும் ஒரு மணி நேரமும்.